சாரி சொன்ன பிறகும் உறுத்துகிறதா? செய்த தவறை ஈடுகட்டும் வழி

யாருக்கோ ஏதோ செய்துவிட்டோம். அவர் அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. ஆனால் அவர் பெயர் போனில் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது, எடுக்காமல் விட்டுவிடுகிறோம், அப்புறம் எடுக்காமல் விட்டதற்கும் சேர்த்து உறுத்துகிறது. இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மனசு லேசாவதற்காகக் கேட்கிற மன்னிப்பு வேறு, அடுத்தவருக்கு ஆன நஷ்டத்தைச் சரிக்கட்டுவது வேறு. நிறையப் பேர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் சாரி சொன்ன பிறகும் உறுத்தல் போவதில்லை.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

ஒரு தாளை எடுத்து, "நான் இன்னாருக்கு இன்னதைச் செய்தேன்" என்று எழுதுங்கள். பெயர் இருக்க வேண்டும், என்ன செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். "எங்களுக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபம் ஆயிடுச்சு" என்பது கணக்கில் வராது, ஏனென்றால் அதில் செய்த ஆளே இல்லை, எல்லாம் தானாக நடந்திருக்கிறது. "கூடப் படித்தவனிடம் மூன்று மாதத்தில் தருகிறேன் என்று 40,000 ரூபாய் வாங்கி மூன்று வருடம் கழித்துக் கொடுத்தேன், நடுவில் அவன் போனை வேண்டுமென்றே எடுக்கவில்லை." இது வாக்கியம். இந்த உதாரணத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வோம், கடன் விஷயம் நம் எல்லோருக்கும் புரியும்.

சிலருக்கு எழுத உட்கார்ந்தால் "நான் ஒரு கேடுகெட்டவன்", "என்னை மாதிரி ஆளை எல்லாம் யாரும் நம்பக்கூடாது" என்று வரும். அது செய்த காரியத்தைப் பற்றிய உறுத்தல் இல்லை, தன்னைப் பற்றிய அவமானம். அமெரிக்க உளவியலாளர் ஜூன் டாங்னி பல வருடங்கள் இந்த இரண்டையும் பிரித்து ஆராய்ந்தவர். 'தப்பு செய்துவிட்டேன்' என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எதிராளியின் இடத்தில் நின்று பார்க்கிறார்கள், சரிசெய்யப் பார்க்கிறார்கள். 'நானே தப்பு' என்று நினைக்கிறவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள், பழியைத் திருப்பிப் போடுகிறார்கள், கோபப்படுகிறார்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனையே பார்த்து, "நாற்பதாயிரத்துக்கு இப்படியா விரட்டுவே?" என்று எகிறுவது இப்படித்தான் வருகிறது. ஆகவே தன்னைத் திட்டி எழுதிய வரியை அடித்துவிட்டு, செய்த காரியத்தை மட்டும் எழுதுங்கள். தன்னைத் திட்டிக்கொள்வது பணிவு போலத் தெரியும், ஆனால் எதிராளிக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னும் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் வாக்கியமே வராது. வேலைக்குப் போகிற அம்மா, வெளிநாட்டில் இருக்கிற மகன், விபத்தில் தான் மட்டும் தப்பியவர். மனசு குற்றம் சாட்டுகிறது, குற்றப்பத்திரிகையில் எழுத ஒன்றும் இல்லை. அப்படியானால் ஈடுகட்டவும் ஒன்றும் இல்லை. அது துக்கமாகவோ ஏக்கமாகவோ இருக்கலாம், அதை அந்தப் பெயரிலேயே பாருங்கள். நாள் முழுக்கக் காரணமில்லாத குற்ற உணர்வு, தூக்கமின்மை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் என்று போனால் அது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

தப்பான இடத்தில் கட்டாதீர்கள்

உறுத்தலுக்கு ஒரு குணம் உண்டு, யாருக்காவது எதையாவது கட்டிவிட்டால் அது கொஞ்சம் அடங்கிவிடும், சரியான ஆளுக்குத்தான் கட்ட வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாங்கள் செய்த ஒரு தவறை நினைத்து எழுதியவர்கள், சாதாரண விஷயத்தை எழுதியவர்களைவிட அதிக நேரம் ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருந்தார்கள், அதற்கப்புறம் அவர்களுடைய குற்ற உணர்வும் குறைந்திருந்தது. யாருக்கு என்ன லாபம்? கை மரத்துப்போனதுதான் மிச்சம். நம் ஊரில் இதற்கு ஐஸ் தண்ணீர் தேவையில்லை, மொட்டை, விரதம், உண்டியல் என்று வழிகள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நண்பனுக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கும்போது அன்னதானத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைத்தான் சொல்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்றும் அதே வருடம் இன்னொரு ஆய்வில் தெரியவந்தது. குற்ற உணர்வில் இருப்பவர்கள் தாங்கள் பாதித்தவருக்கு அள்ளிக்கொடுக்கிறார்கள், ஆனால் தங்கள் பங்கிலிருந்து அல்ல, அங்கே இருக்கிற மூன்றாவது ஆளின் பங்கிலிருந்து. வீட்டில் பார்த்திருப்பீர்கள். பெரியவனை அடித்துவிட்ட அப்பா, சாயங்காலம் அவனுக்காகச் சின்னவளுடைய டூர் பணத்தை எடுத்து சைக்கிள் வாங்கிக் கொடுப்பார். தம்பிக்குச் செய்த தவறுக்கு அண்ணன் தன் மனைவியின் நகையைக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஈடு உங்கள் சட்டைப்பையிலிருந்து, உங்கள் நேரத்திலிருந்து, உங்கள் கௌரவத்திலிருந்து போக வேண்டும்.

அசோகரை எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச்செல்லப்பட்டார்கள் என்று 13-ஆம் பாறைக் கல்வெட்டில் தானே சொல்லி வருந்துகிறார். அது குஜராத்தின் கிர்நாரில் இருக்கிறது, உத்தராகண்டின் கல்சியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது. கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவின் தௌலி, ஜௌகடா பாறைகளில், அதே வரிசைக் கல்வெட்டுகளை வெட்டியிருக்கிறார்கள், ஆனால் 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு வேறு இரண்டைப் போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் படிக்க வைத்த வருத்தம் அடிபட்டவர்கள் ஊரில் மட்டும் இல்லை. அரசியல் காரணம் இருந்திருக்கும்தான். நாமும் அதைத்தான் செய்கிறோம்: மனைவியிடம் புலம்புவோம், ஆபீஸ் நண்பரிடம் சொல்வோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொதுவாக ஒரு வருத்தம் போடுவோம், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் வாய் திறக்க மாட்டோம்.

நஷ்டக் கணக்கை அவர் பக்கத்திலிருந்து போடுங்கள்

இதுதான் உண்மையான வேலை, இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 1990-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே ஆளையே இரண்டு கதைகள் எழுதச் சொன்னார்கள்: ஒருவர் உங்களைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, நீங்கள் ஒருவரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று. அடிபட்ட கதையை எழுதும்போது அது நீண்டகாலம் வலித்தது, தொடர்ந்து பல விளைவுகள் வந்தன, செய்தவன் காரணமே இல்லாமல் செய்தான் என்று எழுதினார்கள். அடித்த கதையை எழுதும்போது அதே ஆட்கள், அது ஒரு தனிச் சம்பவம், காரணம் இருந்தது, முடிந்துபோன விஷயம் என்று எழுதினார்கள். கெட்டவர்கள் ஒரு பக்கம், நல்லவர்கள் ஒரு பக்கம் என்று இல்லை. எந்த நாற்காலியில் உட்கார்கிறோமோ அந்தக் கதைதான் வரும். எனவே உங்கள் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

நம் கடன் கதைக்கு வருவோம். உங்கள் கணக்கில் 40,000 வாங்கினேன், 40,000 கொடுத்துவிட்டேன், தாமதம்தான். அவன் கணக்கைப் போடுங்கள். அன்றைக்குக் கையில் பணம் இல்லாமல் மனைவியின் செயினை பேங்கில் அடகு வைத்துத்தான் உங்களுக்குக் கொடுத்தான். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்தாலும் மூன்று வருடத்துக்கு 12,000 ரூபாய், அதை அவன் கட்டியிருக்கிறான். நடுவில் ஒரு கல்யாணத்துக்கு அவன் மனைவி வெறுங்கழுத்தோடு, அல்லது கவரிங் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். "உங்க ஃப்ரெண்டு என்னதான் சொல்றாரு?" என்று வீட்டில் ஒவ்வொரு மாதமும் பேச்சு நடந்திருக்கிறது. உங்களுக்கு அடித்த போன்கள் எடுக்கப்படாமல் போனபோது, தன் பணத்தைக் கேட்பதற்குத் தானே கூச்சப்பட்டிருக்கிறான். அப்புறம் வேறொருவன் நிஜமான அவசரத்துக்குக் கேட்டபோது இவன் கொடுக்கவில்லை.

ஆக நஷ்டம் பணமாக ஒன்று, மனைவி முன்னால் அவன் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்று. அசலைத் திருப்பியது இரண்டையுமே தொடவில்லை. இதில் சிலது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். தெரியாததை ஊகிக்காமல் போய்க் கேட்க வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் 1974-ல் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேருடைய பொருட்களை நாசம் செய்தார்கள், டயரைக் கிழிப்பது, கண்ணாடியை உடைப்பது என்று. சிறைக்கு அனுப்புவதற்கு முன் அவர்களை அந்த வீடுகளுக்கே அனுப்பிப் பார்க்கலாமே என்று ஒரு நன்னடத்தை அலுவலர் சொன்னார், நீதிபதியும் ஒத்துக்கொண்டார். இருவரும் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம், எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், பிறகு மறுபடி போய்ப் பணம் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவரையும் செய்தவரையும் நேருக்கு நேர் உட்காரவைக்கும் முறை பல நாடுகளில் பரவியதற்கு இந்த வழக்கைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். முதல் நடை கேட்பதற்கு, இரண்டாவது நடை கொடுப்பதற்கு என்ற அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

2016-ல் ராய் லெவிக்கியும் சகாக்களும் மன்னிப்பை ஆறு துண்டுகளாகப் பிரித்து 755 பேரிடம் சோதித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, ஏன் நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, சரிசெய்து தருகிறேன் என்பது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது சரிசெய்து தருகிறேன் என்பது. கடைசியில் நின்றது எது தெரியுமா, நாம் முதலில் சொல்கிற "மன்னிச்சிடுடா". மன்னிச்சிடு என்பது இன்னொரு கோரிக்கைதான், ஏற்கெனவே கொடுத்து ஓய்ந்த ஆளிடம் மறுபடி ஒன்று கேட்கிறோம்.

அதனால் இப்படி: "மூணு மாசம்னு சொல்லி வாங்கினேன், மூணு வருஷம் இழுத்தடிச்சேன். உன் போனை வேணும்னேதான் எடுக்கலை. நீ செயினை வெச்சுக் குடுத்தேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சும் கேட்டுக்கலை. வட்டியை நீதான் கட்டியிருக்கே, அது நான் கட்ட வேண்டியது, எவ்வளவுன்னு சொல்லு. உங்க வீட்ல நானே வந்து பேசறேன், நீ சரின்னு சொன்னா." இதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். "உன் மனசு புண்பட்டிருந்தா" என்று சொல்லாதீர்கள், பட்டிருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறீர்கள். "ஆனா" என்ற சொல் வரும் இடத்தில் மன்னிப்பு முடிந்து வாதம் தொடங்கிவிடும். உங்கள் அப்போதைய கஷ்டத்தை அவன் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அது உங்களோடு இருக்கட்டும்.

சொல்லி முடித்ததும் அவன் பேசுவான். திட்டலாம், நீங்கள் மறந்துபோன எதையாவது எடுத்துப் போடலாம், தேதியில் தப்பு இருக்கலாம். திருத்தாதீர்கள். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், சண்டை நடந்த உடனே சொன்ன மன்னிப்பைவிட, எதிராளி தன் மனதில் இருப்பதைக் கொட்டி, தன்னைப் புரிந்துகொண்டார்கள் என்று உணர்ந்த பிறகு வந்த மன்னிப்பு அதிகம் வேலைசெய்தது. சட்டென்று சாரி சொல்லி அவன் வாயை அடைப்பதும் ஒரு தந்திரம்தான். இன்னொன்று, அழாதீர்கள். வந்தால் அடக்க முடியாது, தெரியும். ஆனால் நீங்கள் அழுதால் அடிபட்டவனே எழுந்து உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தேற்ற வேண்டிவரும், அதற்காகவா போனீர்கள்? காலில் விழுவதும் அதே ரகம். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பார்க்கக் காலில் விழுந்தால் அவரால் வேறு என்ன செய்ய முடியும், தூக்கிவிட்டுத்தான் ஆக வேண்டும்.

நேரில் போவது நல்லது, ஆனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். "உன்கிட்ட அந்தப் பண விஷயமா பேசணும், தப்பு என்மேலதான், எப்ப வரலாம்?" என்று ஒரு மெசேஜ் போதும். நடுவில் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுவது நம் வழக்கம், நேரம் குறிப்பதற்கு, உட்கார வைப்பதற்கு அவர் வேண்டும். தப்பை ஒத்துக்கொள்வதை அவர் வாயால் சொல்லவைக்கக் கூடாது.

வீட்டுக்குள் மட்டும் வேறு கணக்கு. நம் அப்பாக்கள் சாரி சொல்ல மாட்டார்கள், திட்டிய அன்று ராத்திரி பரோட்டா பார்சலோடு வருவார்கள். அம்மா, "சாப்பிட வா, தோசை ஆறுது" என்பார். சின்னச் சண்டைகளுக்கு அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளையை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியது, படிக்க விடாமல் செய்தது மாதிரியான விஷயங்களுக்குப் பரோட்டா போதாது. "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று அப்பா வாயால் ஒரு தடவை கேட்டால் பிள்ளைக்குத் திமிர் ஏறிவிடும் என்பது வெறும் பயம். ஒத்துக்கொண்டால் ஏறி மிதிப்பார்கள் என்று பெரிய நிறுவனங்களே பயப்படும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-லிருந்து தன் சிகிச்சைத் தவறுகளைத் தானே நோயாளியிடம் சொல்லி இழப்பீடும் கொடுக்கத் தொடங்கியது. வழக்குகள் கூடவில்லை, குறைந்தன.

துக்கத்துக்குப் போகாமல் விட்டால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பணத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று வளர்ந்தவர்கள் நாம். நெருங்கிய நண்பனின் அப்பா இறந்தபோது குரூப்பில் கைகூப்பிய எமோஜி போட்டதோடு விட்டுவிட்டீர்கள், இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. போனில் காரணம் சொல்லாதீர்கள், லீவு கிடைக்கவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும். வீட்டுக்குப் போங்கள், அவன் அம்மா இருக்கும் நேரமாகப் பார்த்து. "அப்பவே வந்திருக்கணும்மா, வரலை, தப்புதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, "கடைசி நாள்ல எப்படி இருந்தாரு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை இந்நேரம் எல்லோரும் கேட்பதை நிறுத்தியிருப்பார்கள், ஆனால் அம்மாவுக்குச் சொல்ல இன்னும் இருக்கும். ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது, கடைசியாகக் கேட்ட காபி என்று போகும். அவசரப்படாமல் உட்காருங்கள், போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு. கிளம்பும்போது வருஷத் திதி எப்போது என்று கேட்டு, காலண்டரில் குறித்துக்கொண்டு, அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். போகாத துக்கத்துக்குத் திரும்பப் போக முடியாது. அடுத்து வருகிற நாளுக்குப் போகலாம்.

எப்போது போகக் கூடாது

குடியை விட்டவர்களுக்காக 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில், எட்டாவது படி யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது, ஒன்பதாவது படி அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது. ஆனால் ஒன்பதாவதிலேயே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: அப்படிப் போவது அவரையோ வேறொருவரையோ காயப்படுத்தும் என்றால் போகாதே. உங்களை பிளாக் செய்த பழைய காதலி, உங்களைப் பார்த்தாலே நடுங்குகிற ஆள், தனக்குத் துரோகம் நடந்ததே தெரியாமல் இன்று நிம்மதியாக இருப்பவர், இவர்களிடம் போய் எல்லாவற்றையும் கொட்டுவது பெரும்பாலும் நம் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவதுதான். கடைசி வகையில் எனக்கே தடுமாற்றம் உண்டு. அவர் எடுக்கப்போகிற முடிவுக்கு அந்த உண்மை தேவை என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். போலீஸ் கேஸ், கோர்ட் என்று இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள். ஆள் இறந்துவிட்டார் என்றால் பாக்கியை வாரிசுக்குக் கொடுங்கள். பணமாக இல்லாவிட்டால், அவர் யாரைக் கவனித்துக்கொண்டிருந்தாரோ அந்த ஆளுக்கு ஏதாவது செய்யுங்கள்.

போய்விட்டு வந்த பிறகு

அவர் மன்னிக்காமல் போகலாம். "சரி, பார்க்கலாம்" என்பதோடு முடியலாம், ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பேச்சில் மறுபடி குத்திக்காட்டலாம். அப்போது "அதான் சாரி சொல்லிட்டேனே" என்று சொல்லிவிடாதீர்கள், கட்டிய எல்லாம் சரிந்துவிடும். "ஆமா, செஞ்சேன்" போதும். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்வது, அவன் போன் அடித்தால் முதல் தடவையே எடுப்பது, அவன் எதற்காவது கூப்பிட்டால் போவது, இதெல்லாம் ஒரு வருடமாவது நடக்க வேண்டும். தப்பு மூன்று வருடம் நடந்திருக்கிறது, சாயங்காலம் ஒரு டீயோடு சரியாகிவிடாது.

அப்புறம் அந்த 12,000 ரூபாய். நீட்டினால் முதலில் "சேச்சே, வேண்டாம்டா" என்பான். அது மரியாதைக்குச் சொல்வது, அதைப் பிடித்துக்கொண்டு சட்டென்று பணத்தைத் திரும்பப் பையில் வைத்துவிடாதீர்கள். இரண்டாவது முறை, "இது எனக்காக இல்லை, நீ கட்டின வட்டி" என்று சொல்லிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வான். மூன்றாவது முறையும் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவனுக்குத் தெரியாமல் ஜிபேயில் போட்டுவிடுவது, போகும்போது குழந்தை கையில் திணிப்பது, மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடுவது, இதெல்லாம் வேண்டாம். வாங்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் மனைவியிடம் பேச வேண்டியது மட்டும் இன்னும் பாக்கி. "தப்பு என்மேலதான் தங்கச்சி, அவன் உங்ககிட்ட பொய் சொல்லலை" என்ற அந்த ஒரு வரியை, அவன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.